நாளைக்கு எந்தக் கடிகாரம்?

ஒரே கைக்கடிகாரம் வைத்திருப்பவருக்கு இந்த அத்தியாயம் தேவைப்படாது. மூன்றாவது கடிகாரம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தேவைப்படும். காலையில் குளித்து, உடுத்தி, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே பெட்டியைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவதைத்தான் கை எடுக்கும். மாதக்கணக்கில் இப்படியே நடந்தால் இரண்டு கடிகாரங்கள் மட்டும் மாறி மாறி வெளியே போய்வரும். ஆசைப்பட்டு வாங்கிய மற்றவை பெட்டியிலேயே கிடக்கும். அதிலாவது பொருளுக்குச் சேதம் இல்லை. பொருந்தாத நாளில் பொருந்தாத கடிகாரம் கையில் ஏறும்போதுதான் சேதம் வருகிறது. அப்பா காலத்து எச்.எம்.டி. ஜனதா அடைமழையில் நனைவதும், மெல்லிய டைட்டன் எட்ஜ் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கம்பியில் இடிபடுவதும் இப்படித்தான்.

ஆகவே எதைக் கட்டுவது என்பதை முந்தைய இரவே முடிவு செய்யுங்கள். மறுநாள் வேலைகளை மனத்தில் ஓட்டிப் பார்த்து அலாரம் வைக்கிறோமே, அந்த நேரத்திலேயே இதையும் முடித்துவிடலாம். வார் மாற்ற வேண்டுமென்றால் பதற்றமில்லாமல் மாற்றலாம். கையின் அசைவில் தானாகவே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் நின்றுபோயிருந்தால் ஓடவிட்டு, விடிவதற்குள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கலாம். தேர்ந்ததைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பணப்பை, சாவிக்கு அருகே தனியாக ஒரு துணியின் மேல் வையுங்கள். சாவியோடு ஒரே தட்டில் போட வேண்டாம். கீறல் அங்கேயே விழுந்துவிடும்.

கடினமான ஒரு மணி நேரம்

நாளைய பொழுதில் உங்கள் மணிக்கட்டுக்கு மிகக் கடினமான ஒரு மணி நேரம் எது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பெட்டியில் பாதிக் கடிகாரங்கள் தாமாகவே விலகிவிடும். பெரும்பாலானவர்கள் நாளின் பெரும்பகுதியை நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்பது மணி நேரம் குளிர்சாதன அறையில் மேசை வேலை என்றால் அதற்கேற்றாற்போல் தோல் வார் போட்ட மெல்லிய கடிகாரம் கையேறுகிறது. மேசையில் அதற்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லைதான். மாலையில் ஐப்பசி மழையில் இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் அந்த முக்கால் மணி நேரம்தான் அதைக் கெடுக்கிறது. அலுவலகம் முடிந்து பூப்பந்து ஆடப் போகிறவருக்கு ஆட்டம்தான் அந்த மணி நேரம். குழந்தையைக் குளிப்பாட்டும் அம்மாவுக்கு அது காலையிலேயே வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கும் கடிகாரம் மீதி நாளையும் தாங்கும்.

இது நானாகக் கண்டுபிடித்த விதி இல்லை. கைக்கடிகாரங்களில் பல இப்படி ஒரு கடினமான மணி நேரத்துக்காகவே பிறந்தவை. விமானம் ஓட்டும்போது இரண்டு கைகளும் வேலையில் இருக்க, சட்டைப்பைக் கடிகாரத்தை வெளியே எடுக்க முடியவில்லை என்று பிரேசில் நாட்டு விமானி சாந்தோஸ்-துமோன் சொன்னதால்தான் லூயி கார்த்தியே 1904-இல் அவருக்கு மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் செய்து கொடுத்தார். ஜேகர்-லெகூல்ட்ர் ரிவர்சோவின் கதை நம் நாட்டில் தொடங்குகிறது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் போலோ ஆடும்போது அவர்களுடைய கடிகாரக் கண்ணாடிகள் உடைந்தன. அந்தக் குறை செசார் டி ட்ரே என்ற கடிகார வணிகரின் காதுக்கு எட்டியது. கண்ணாடிப் பக்கத்தை உள்நோக்கிப் புரட்டி, உலோக முதுகை வெளியே காட்டும் பெட்டியை ரெனே-ஆல்ஃபிரெட் ஷோவோ வடிவமைத்து 1931 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போலோ ஆடும் நேரம் மிகச் சிறியது. கடிகாரத்தின் வடிவத்தை முடிவு செய்தது அந்தச் சிறு நேரம்தான். இன்று ரிவர்சோவை விளையாட்டுக்கு யாரும் கட்டுவதில்லை, விருந்துக்குத்தான் கட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

தண்ணீர்

நம் ஊர்களில் கடிகாரத்துக்கு முதல் எதிரி தண்ணீர். முதுகில் ‘30 மீட்டர்’ என்று பொறித்திருந்தால் முப்பது மீட்டர் ஆழம்வரை மூழ்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது அசையாத தண்ணீரின் அழுத்தத்தை வைத்துச் சோதனைக்கூடத்தில் கண்ட அளவு. நடைமுறையில் கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் சிறு தூறலையும் தாங்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் என்றால் மழையில் தைரியமாகப் போகலாம். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். ஆழ்கடல் கடிகாரங்களுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு கடிகாரத்தையும் பொறித்த அளவைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். அடைமழை மாதங்களில் தினமும் வண்டியில் போகிறவர் பெட்டியில் 200 மீட்டர் கடிகாரம் ஒன்று இருப்பது நல்லது. 1996 முதல் 2019 வரை விற்ற சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 அந்த வகையில் உலகம் முழுவதும் சேகரிப்பாளர்களின் கையில் உழைத்த கடிகாரம். இன்றும் பழைய சந்தையில் அதற்குத் தேவை குறையவில்லை.

பொறித்திருக்கும் எண், கடிகாரம் புதிதாக இருந்தபோது உண்மையாக இருந்தது. தண்ணீரைத் தடுப்பது கேஸ்கட் என்கிற மெல்லிய ரப்பர் வளையம். அது காய்ந்து இறுகினால் எண்ணுக்குப் பொருளே இல்லை. கேஸ்கட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத கடிகாரத்தைத் தண்ணீர் தாங்காத கடிகாரமாகவே நடத்துங்கள். பேட்டரி மாற்றக் கொடுக்கும்போது, “அண்ணே, வாஷரையும் பார்த்துடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது போதும். வெந்நீர்க் குளியலுக்கு எந்தக் கடிகாரத்தையும் கட்ட வேண்டாம். சூடும் சோப்பும் ரப்பரைக் கெடுக்கும். நீராவியோ ரப்பரின் சிறு தளர்வில்கூட உள்ளே புகுந்துவிடும்.

குளிர்சாதன அறையிலிருந்து வெயிலுக்கு வரும்போது கண்ணாடியின் வெளிப்புறம் பனிப்பது இயல்பு, துடைத்தால் போய்விடும். உட்புறம் பனித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். அன்றே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஞாயிறு வரட்டும் என்று காத்திருந்தால் எஃகுப் பாகங்களில் துரு தொடங்கிவிடும். டயலின் மேல் விழும் கறை பிறகு போவதே இல்லை.

காந்தமும் அதிர்வும்

மழைக்குப் பயப்படுகிறவர்கள்கூடக் காந்தத்தை நினைப்பதில்லை. கைபேசியின் ஒலிபெருக்கி, டேப்லெட் உறையின் மூடி, கைப்பையின் பூட்டு, மடிக்கணினியின் ஓரம் என எங்கும் காந்தம் இருக்கிறது. சாவி கொடுக்கும் கடிகாரத்திலும் ஆட்டோமேட்டிக்கிலும் உள்ள ஹேர்ஸ்பிரிங் சுருளின் வளையங்கள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கடிகாரம் திடீரென்று நாளுக்குச் சில நிமிடங்கள் முந்தும். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று ஓட்டமாக ஓடினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரிப்பேர் கடையில் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்து, “காந்தம் ஏறியிருக்கு சார்” என்பார். கருவியில் வைத்துச் சில நொடிகளில் எடுத்தும் கொடுத்துவிடுவார். பழுது சிறியதுதான். ஆனால் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே வேலை செய்பவரும், மின் மோட்டார்களைக் கையாள்பவரும், மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவுக்குப் போகிறவரும் அன்றைக்கு இயந்திரக் கடிகாரத்தைக் கட்ட வேண்டியதில்லை. எம்ஆர்ஐ அறைக்குள் எந்தக் கடிகாரமும் கூடாது. இந்தத் தொல்லைக்காகவே ரோலெக்ஸ் 1956-இல் மில்காஸ் என்று ஆயிரம் காஸ் காந்தப்புலம் தாங்கும் கடிகாரம் செய்தது. சாதாரணமாகக் காந்தம் தாங்கும் என்று சொல்லி விற்பவற்றுக்கு ஐஎஸ்ஓ 764 கேட்பது அறுபது காஸ் அளவுதான்.

அதிர்ச்சி விஷயத்தில் பழைய கடிகாரங்களை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு நுனி தலைமுடி அளவே இருக்கும். இன்காப்ளாக் என்ற அதிர்வு தாங்கி 1934-இல் வந்தது, அதுபோன்றவை பரவலாக எல்லாக் கடிகாரங்களுக்கும் வந்துசேரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அது இல்லாத பழையதைக் கட்டிக்கொண்டு சுவரில் ஆணி அடிப்பது, கிரிக்கெட் ஆடுவது, தேங்காய் உடைப்பது எதுவும் வேண்டாம். இதற்கெல்லாம் கேசியோ ஜி-ஷாக் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், பத்து பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி பத்து ஆண்டு வர வேண்டும் என்று கிகுவோ இபே குறிக்கோள் வைத்து உருவாக்கிய முதல் மாதிரி 1983-இல் வெளிவந்தது. பெட்டியில் எத்தனை விலையுயர்ந்தவை இருந்தாலும் இப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சேகரிப்பாளர்கள் ‘பீட்டர்’ என்று சொல்வது இதைத்தான். அடிபட்டாலும் மனம் பதறாத கடிகாரம் ஒன்று இருந்தால்தான் மற்றவை நீண்ட நாள் வாழும்.

வியர்வை, வார், செயின்

கத்திரி வெயில் காலத்தில் கடிகாரத்தைவிட வாரைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். தோல் வார் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். அது முழுக்கக் காய ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். காயாமலே மறுநாளும் கட்டினால் நாற்றம் வரும், உட்புறம் கறுத்து வெடிக்கும், சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பும் தடிப்பும் வரும். ஆகவே கோடையில் தோல் வார்க் கடிகாரத்தை அடுத்தடுத்த இரண்டு நாள் கட்டாதீர்கள். சேகரிப்பின் பெரிய வசதியே இதுதான், ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று காய்ந்துகொண்டிருக்கும். கழற்றியதும் பெட்டிக்குள் மூடிவிடாமல் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பெட்டிக்குள் வையுங்கள்.

மழைக்கும் வெயிலுக்கும் ரப்பர், நைலான் துணி, எஃகுச் செயின் மூன்றும் பொருந்தும். துணி வாரை இரவில் சோப்பு போட்டு அலசினால் காலைக்குள் காய்ந்துவிடும். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973-இல் தன் வீரர்களுக்காக வரையறுத்த துணி வாரிலிருந்து வந்தது இன்று எல்லோரும் வாங்கும் அந்த வடிவம். அது கடிகாரத்தின் அடியில் ஒரே துண்டாக ஓடுவதால் ஒரு பக்கத்துப் பின் கழன்றாலும் கடிகாரம் கீழே விழாது. பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் போகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. செயினில் வேறொரு கவனம் தேவை. மணிக்கட்டு காலையில் இருக்கும் அளவிலேயே மாலைவரை இருப்பதில்லை. வெயிலில் புடைக்கும், இரவில் சுருங்கும். காலையில் சுகமாக இருந்த செயின் மாலை நாலு மணிக்குக் கையை இறுக்கும். கொக்கியில் நுண்ணிய சரிசெய்யும் துளைகள் இருந்தால் பிற்பகலில் ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வாங்கும்போதே ஒரு விரல்நுனி நுழையும் அளவுக்கு விட்டுக் கண்ணியைக் கழற்றச் சொல்லுங்கள்.

வார் மாற்றப் பழகிக்கொள்வது இந்தக் கலையில் பாதி. வாரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பாரைக் கழற்றும் சிறு கருவி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பெட்டியில் உள்ள கடிகாரங்களின் வார் அகலம் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வார் வாங்க வேண்டியிருக்கும். இனி வாங்குவதை 20-லேயே அமைத்துக்கொண்டால் நான்கு வாரும் நான்கு கடிகாரமும் சேர்ந்து பதினாறு விதமாக மாறும். கையில் காப்பு அணிபவர்களும் கோயில் கயிறு கட்டியிருப்பவர்களும் கடிகாரத்தை மறு கைக்கு மாற்றுங்கள். காப்பின் விளிம்பு கடிகாரத்தின் பக்கவாட்டை நாள் முழுக்க அராவிக்கொண்டே இருக்கும். வளையல் நிறைய அணியும் நாளில் பெண்களுக்கும் இதே யோசனைதான். கொசு விரட்டும் களிம்பைத் தடவியபின் கை நன்றாக உலர்ந்த பிறகே கடிகாரம் கட்டுங்கள். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த களிம்பு பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பழைய எச்.எம்.டி. வகைகளின் கண்ணாடி பிளாஸ்டிக் வகைதான்.

நின்றதை ஓடவிடுதல்

நாளைய தேர்வு, இயந்திரக் கடிகாரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. சாதாரண ஆட்டோமேட்டிக் முழுச் சாவியில் நாற்பது மணி நேரத்தை ஒட்டி ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு நடுப்பகலுக்குள் நின்றுவிடும், திங்கள் காலை மணியும் தேதியும் வைத்தாக வேண்டும். டிசோ போன்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் பவர்மேட்டிக் 80 எண்பது மணி நேரம் ஓடுகிறது. ரோலெக்ஸின் புதிய இயந்திரங்கள் எழுபது மணி நேரம் போகின்றன. இரண்டு நாள் விட்டுக் கட்டுவதற்கு இவை வசதியானவை. நான்கைந்து ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் எப்போதும் ஓடவிட ஆசைப்பட்டுச் சுழலும் மின்பெட்டி வாங்குவதுண்டு. ஆண்டு, மாதம், பிறை எல்லாம் காட்டும் நிரந்தர நாட்காட்டிக் கடிகாரம் ஒன்று இருந்தால் அதற்கு அந்தப் பெட்டி நியாயம். மற்றவற்றை நிற்க விடுங்கள். நிற்பதால் இயந்திரம் கெட்டுவிடாது. இன்றைய செயற்கை எண்ணெய்கள் சில வாரங்களில் உறைந்துபோவதில்லை. மாதம் ஒருமுறை எடுத்துக் கொஞ்சம் ஓடவிட்டால் போதும்.

நின்றதைத் திரும்ப ஓடவிடும்போது கையில் கட்டி ஆட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். கிரௌன் என்கிற பக்கக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கக்கூடிய ஆட்டோமேட்டிக் என்றால் இருபது முப்பது சுற்று கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். எஸ்கேஎக்ஸ்007-இல் உள்ள 7எஸ்26 இயந்திரத்துக்குத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. அதைத் தட்டையாகப் பிடித்து மெல்ல வட்டமாக ஆட்ட வேண்டும். ஜனதா போன்ற சாவிக் கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றிய நிலையில், தினமும் ஒரே நேரத்தில், விரலுக்குத் தடை தெரியும்வரை திருகுங்கள். தடை வந்தபின் ஒரு துளியும் அழுத்த வேண்டாம். பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கி 2016-இல் மூடிய எச்.எம்.டி. கடிகாரப் பிரிவின் இந்தப் பதினேழு கல் இயந்திரம், பழக்கம் தவறாமல் சாவி கொடுப்பவருக்குப் பல பத்தாண்டு உழைக்கிறது. பழகிய ரிப்பேர்காரர் எந்த ஊரிலும் இதைத் திறந்து பார்த்துவிடுவார்.

அவசரத்தில் அதிகம் பழுதாவது தேதிதான். இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் தேதிச் சக்கரத்தின் பல் பொருந்தி நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் விரைவு முறையில் தேதியைத் திருகினால் பல் உடையும். நின்றுபோன கடிகாரம் காட்டும் மணி பகலா இரவா என்று நமக்குத் தெரியாது என்பதால் முதலில் முள்களை ஆறு மணிக்குக் கொண்டுவாருங்கள், பிறகு தேதியை நேற்றைய எண்ணில் வையுங்கள், அதன்பின் முள்களை முன்னோக்கிச் சுற்றி நள்ளிரவைத் தாண்டி இன்றைய நேரத்துக்கு வாருங்கள். சாதாரணத் தேதிக் கடிகாரத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட ஆண்டுக்கு ஐந்து முறை திருத்த வேண்டும். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடிந்த மறுநாள். தேதியே இல்லாத கடிகாரத்துக்கு இந்த வேலை எதுவும் இல்லை. அதனால்தான் பல கடிகாரங்களை மாற்றி மாற்றிக் கட்டுகிறவர்கள் நாளடைவில் தேதியில்லாதவற்றின் பக்கம் சாய்கிறார்கள்.

குவார்ட்ஸுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. மாதத்துக்குப் பதினைந்து விநாடிக்குள் முன்பின் ஓடும், எப்போதும் தயாராக இருக்கும். ரயிலைப் பிடிக்கும் நாளுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் செல் தீர்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் கசிந்து இயந்திரத்தை அரித்துவிடும். வெளிச்சத்தில் சக்தி பெறும் சிட்டிசன் ஈகோ-டிரைவ் போன்றவற்றை மூடிய பெட்டியில் மாதக்கணக்கில் வைப்பது சரியல்ல. அவற்றைச் சன்னல் ஓரத்து அலமாரியில், நேர் வெயில் படாமல் வையுங்கள்.

முக்கியமான ஒரு மணி நேரம்

கடினமான மணி நேரத்தைவிட முக்கியமான மணி நேரம் முடிவு செய்யும் நாள்களும் உண்டு. திருமணம், பட்டமளிப்பு, நேர்முகத் தேர்வு, துக்க வீடு எல்லாம் அப்படி. அன்றைக்குக் கடிகாரத்தின் பாதுகாப்பு இரண்டாவது. யாரோடு அமர்ந்திருக்கப் போகிறோம் என்பது முதலாவது. சட்டைக் கைமடிப்புக்குள் நுழையும் மெல்லிய கடிகாரம் இங்கே அழகு. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், 2002-இல் வெளியிட்ட எட்ஜ் வெறும் மூன்றரை மில்லிமீட்டர் தடிமன். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். ஓசூர் ஆலையைக் கொண்ட நம் நிறுவனம் செய்த இந்த வேலையைச் சேகரிப்பாளர்கள் இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

உடைக்கு ஏற்ற கடிகாரம் என்ற இலக்கணத்தை ரொம்பவும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். தோல் வாரின் நிறம் செருப்பும் பெல்ட்டும் போலவே இருக்க வேண்டும் என்பார்கள். பழுப்புக்குப் பழுப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1964-இல் வந்த கோல்டுஃபிங்கர் படத்தில் ஷான் கானரி வெள்ளை விருந்துக் கோட்டுக்குக் கீழே ரோலெக்ஸ் சப்மரினர் என்ற நீர்மூழ்கிக் கடிகாரத்தைக் கோடு போட்ட துணி வாரில் கட்டியிருப்பார். வார் கடிகாரத்தைவிடக் குறுகலாக, இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். இலக்கணப்படி எல்லாமே தவறு. அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சியைப் பார்த்து மக்கள் வார் வாங்குகிறார்கள்.

அடையாளமாகக் கட்டும் கடிகாரங்களுக்கு இந்த நாள்களில்தான் முதலிடம். அப்பா பணி ஓய்வின்போது பெற்ற கடிகாரம், மாமா கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரம் போன்றவை நிமிடம் தப்பினாலும் பரவாயில்லை. பெண் கேட்டுப் போகும் வீட்டில் பெரியவர்கள் அதை அடையாளம் கண்டு பேசத் தொடங்குவார்கள். துக்க வீட்டுக்குப் போகும்போது பளிச்சென்ற தங்க நிறத்தைத் தவிர்த்து விடுங்கள். டிஜிட்டல் கடிகாரமாக இருந்தால் மணிக்கொரு முறை ஒலிக்கும் ஒலியை அணைத்துவிட்டுப் போங்கள். நீட் போன்ற தேர்வு மையங்களுக்குக் கடிகாரமே கொண்டுபோகக் கூடாது, வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பயணம் முழுவதும் அப்படிப்பட்ட மணி நேரம்தான். இரண்டு நாட்டு நேரம் காட்டும் ஜிஎம்டி கடிகாரம் வைத்திருப்பவர்கள் அதைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நம் நேரம் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி நேரம் தள்ளி இருப்பதால் அங்கே ஒரு சிக்கல். அந்தக் கடிகாரங்களின் முள் முழு மணியாகத்தான் தாவும். சிங்கப்பூரில் காலை பத்து என்றால் ஊரில் ஏழரை, ஆனால் ஊர் நேரம் காட்டும் நான்காவது முள் ஏழில் நிற்கும் அல்லது எட்டில் நிற்கும். ஏழில் வைத்து அரை மணி கூட்டிப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உலக நேரம் காட்டும் ஒரு கேசியோவைப் பையில் போட்டுக்கொண்டு, கையில் பிடித்ததைக் கட்டுங்கள். விமான நிலையப் பரிசோதனையில் கடிகாரத்தைத் தட்டில் தனியாக வைக்காமல் பையின் உள்ளறையில் போட்டு மூடிவிடுங்கள்.

சுற்று

இவ்வளவும் பார்த்த பிறகும் நான்கைந்து கடிகாரங்கள் தகுதியோடு மிஞ்சும். இங்கேதான் சேகரிப்பாளர்கள் ‘ரொட்டேஷன்’ என்று சொல்லும் சுற்று வருகிறது. நாளுக்கொன்று மாற்றுகிறவர்கள் பலர். கண்ணுக்கு அது விருந்துதான், ஆனால் எந்தக் கடிகாரத்தின் குணமும் அதில் தெரியாது. வாரத்துக்கு ஒன்று என்ற முறையை நான் பரிந்துரைக்கிறேன், கோடையில் தோல் வார்க் கடிகாரத்தை மட்டும் இதிலிருந்து விலக்கிவிடுங்கள். திங்கள் காலை கைபேசி நேரத்தைப் பார்த்து வையுங்கள். ஞாயிறு இரவு எத்தனை விநாடி முந்தியது, பிந்தியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சுவிஸ் சான்று பெற்ற குரோனோமீட்டர் நாளுக்கு நான்கு விநாடி பிந்துவதிலிருந்து ஆறு விநாடி முந்துவதுவரை போகலாம். சீக்கோ தன் 7எஸ்26-க்குக் கூறும் வரம்பு இருபது பிந்தி, நாற்பது முந்தி. ஒரு வாரம் ஓட்டினால்தான் உங்கள் கடிகாரம் அந்த வரம்பில் எங்கே நிற்கிறது என்று தெரியும். இரவில் டயலை மேல்நோக்கி வைத்தால் ஒரு வேகம், கிரௌனைக் கீழே ஊன்றிப் பக்கவாட்டில் நிறுத்தினால் இன்னொரு வேகம். இரண்டையும் எழுதி வைத்தால் பகலில் முந்தியதை இரவில் சரிக்கட்டிவிடலாம், ரிப்பேர் கடைக்குப் போகாமலே.

வாரக் கடிகாரம் ஒன்று கையில் இருக்கும்போதும் கடினமான மணி நேரம் வந்தால் தயங்காமல் கழற்றிவிட்டுப் பீட்டரைக் கட்டுங்கள். சனிக்கிழமையை விருந்தாளிக்கு விடலாம். பெட்டியில் நெடுநாள் கிடந்த ஏதோ ஒன்று அன்றைக்கு வெளியே வரட்டும்.

நோட்டில் ஓர் ஆண்டு எழுதினால் ஒரு விஷயம் வெளிச்சமாகும். சில கடிகாரங்களின் பெயர் அதில் வந்திருக்காது. ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் வார்தான் காரணம். பிடிக்காத வாரை மாற்றிப் பாருங்கள், ஒரே நாளில் அந்தக் கடிகாரம் புதிதாகத் தெரியும். அளவு காரணம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. வார் மாட்டும் மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரை உள்ள நீளம் உங்கள் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் அது எப்போதும் கைக்கு வெளியே துருத்திக்கொண்டுதான் இருக்கும். மூன்றாவது காரணம் பயம். விலை அதிகம், கீறல் விழுமோ, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அப்படிப்பட்டதை ஞாயிறு காலை வீட்டிலேயே கட்டிப் பழகுங்கள். செய்தித்தாள் படிக்கும்போது, பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது கையில் இருக்கட்டும். முதல் கீறல் விழுந்தபின் பயம் பாதியாகக் குறைந்துவிடும். பிளாஸ்டிக் கண்ணாடியாக இருந்தால் கீறலை மெருகுக் களிம்பால் தேய்த்தே எடுத்துவிடலாம்.

வாரும் மாற்றி, வீட்டிலும் கட்டிப் பார்த்து, அப்போதும் மனம் அதை நாடவில்லை என்றால் விற்றுவிடுங்கள். தங்கை மகனோ அண்ணன் மகளோ வேலையில் சேர்ந்திருந்தால் கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் சர்வீஸ் செய்து, எந்த மாதம் செய்தது, கேஸ்கட் மாற்றியாயிற்றா என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். உங்கள் கைக்காகக் கழற்றி வைத்த செயின் கண்ணிகளையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவரின் மணிக்கட்டு உங்களுடையதைவிடப் பெரிதாக இருக்கலாம்.